மீட்டர் ஏறலீங்க

என் வலது கால் கட்டைவிரலைப் பற்றி என் மனைவிக்கே தெரியாத ஒன்றை டைரக்டர்தான் கண்டுபிடித்தார். எனக்குப் பயம் வந்தால் அது மட்டும் நிமிர்ந்து நிற்கும். மற்ற விரல்கள் செருப்பில் சாதுவாகப் படுத்திருக்க, இது மட்டும் வகுப்பில் விடை தெரிந்த பையன் மாதிரி தனியாக எழுந்து நிற்கும். கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்து ஜோக் சொல்வது என் தொழில். முகத்தில் எதுவும் காட்டிவிடக் கூடாது. மேடைக்குப் பின்னால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, முன்னால் நான் சனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பேன். அப்போது யார் என் காலைப் பார்க்கப் போகிறார்கள்? அவர் பார்த்தார்.

நல்லம்பள்ளிப் பக்கம் எல்லோரும் அவரை டைரக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எதையும் டைரக்ட் செய்ததில்லை. பாதி ஆயுளைச் சென்னையில் உதவி இயக்குநராகவே கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஊருக்குத் திரும்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொம்மிடியில் ஒரு தங்கை உண்டு; மற்றபடி தனிக்கட்டை. திரும்பி வந்தவர் நிலத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு திரைக்கதையை எழுதிக்கொண்டிருந்தார். சைக்கலாஜிக்கல் த்ரில்லர். அந்தச் சொல்லை எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

"சைக்கோ படம்ங்களா?" என்று கேட்டால் கோபப்பட மாட்டார்.

"சைக்கோ படத்துல கெட்டவனுக்குப் பைத்தியம். இதுல நல்லவனுக்கு, தனக்குப் பைத்தியமோன்னு சந்தேகம்," என்பார். கேட்டவர் மெல்ல நகர்ந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்.

ஒல்லியான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை. மூக்குக்கண்ணாடியைப் படிக்கும்போது மட்டும்தான் போடுவார். மற்ற நேரமெல்லாம் அதன் ஒரு காம்பைப் பிடித்து விரலில் சுழற்றிக்கொண்டே இருப்பார். பேசும்போது சுழலும். சாப்பிடும்போது இடது கையில் சுழலும். எதிரே உட்கார்ந்து கதை கேட்கிறவனுக்குக் கதையால் வராத மயக்கம் அந்தக் கண்ணாடியால் வந்துவிடும்.

என்னை அவர் பிடித்தது வசனம் எழுத. "இதுல காமெடிக்கு என்னாங்க வேல?" என்று கேட்டேன்.

"சிரிச்சுட்டே இருக்கறவன் திடீர்னு நிறுத்துனாத்தாங்க கூட இருக்கறவனுக்குப் பயம் வரும். மொதல்ல சிரிக்க வெக்கணும். அதுக்கு நீங்க."

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடினால் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த துணிச்சலான முடிவுகள் எல்லாம் இந்த வகைதான்.

நாங்கள் கதை பேச உட்கார்ந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். என் ஸ்பீக்கர் பெட்டிகளை அங்கே வைத்திருந்ததால் ஒரு சாவி என்னிடம் இருந்தது. ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது. பட்டப்பகல் வெயில் ஜன்னல் வழியாக விழ, வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலி மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பயமுறுத்த இருட்டு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஆடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் பகலில் போய் நின்று பார்க்கலாம். பந்தி பரிமாறும் கூடத்தில் நாம் தும்மினால், கொஞ்சம் கழித்து யாரோ பதிலுக்குத் தும்முவார்கள்.

முதல் நாள், முதல் சீனைப் படித்தார். கரண்ட் பில்லைப் படிக்கிற குரல்.

ஒருவன் டீக்கடைக்குப் போகிறான். டீ மாஸ்டர் ஒரு குடையை எடுத்து நீட்டுகிறார். "நேத்து மறந்துட்டுப் போயிட்டீங்களே." குடை அவனுடையதுதான். ஆனால் நேற்று அவன் டீக்கடைக்கே வரவில்லை. "நான் வரலீங்களே," என்கிறான். மாஸ்டர் சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவரும் சிரிக்கிறார். "இங்கதான உக்காந்திருந்தீங்க, அவ்ளோ நேரம்."

அவ்வளவுதான் சீன்.

"நல்லா இருக்குதுங்க," என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மீட்டர் ஏறிருச்சு," என்றார்.

"எந்த மீட்டரு?"

"கீழ பாருங்க."

பார்த்தேன். என் கட்டைவிரல் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்து அமுக்கினேன். விட்டதும் மறுபடி நின்றது. அவர், குழந்தை முதன்முதலாக நடப்பதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி பூரித்துப் போனார்.

அன்றிலிருந்து வசனகர்த்தா வேலை போய், நான் அவருடைய மீட்டர் ஆகிவிட்டேன். சீனைப் படிப்பார், குனிந்து பார்ப்பார். "ஏறலீங்க," என்று சொல்லித் தாளைக் கிழித்துவிடுவார். நான் உச்சுக்கொட்டினாலும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டாலும் மதிப்பில்லை. வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பது அவருடைய கட்சி. எல்லோருக்கும் உடம்பில் எங்கேயோ ஒரு மீட்டர் உண்டு, தேடினால் கிடைக்கும் என்பார். மண்டப ஓனருக்கு மோதிரம், பயந்தால் அதைத் திருகுவார். டீ மாஸ்டருக்குத் தொண்டை. அவருக்கு எங்கே இருக்கிறது என்று நானும் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தேன். கண்ணாடி ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

அந்த மீட்டரில் ஒரு கோளாறு இருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். கதாநாயகி மாடியறையில் ஒளிந்திருக்கிறாள், படியில் யாரோ ஏறி வருகிறார்கள் என்று ஒரு சீன். நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காகப் பயந்து, கதவைத் தாழ் போடச் சொல்லுங்க என்றுகூடச் சொன்னேன். விரல் அசையவில்லை.

"உங்க மீட்டருக்கு உங்க வூட்டு கரண்டு மட்டுந்தாங்க. அடுத்த வூடு எரிஞ்சாலும் ஏறாது," என்றார்.

"என்னைச் சுயநலம்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலீங்க. அது சொல்லுது."

கொஞ்ச நாளில் என் மனைவி வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாக மண்டபத்தில் இருக்கும்போதே போன் வந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் அவர் முதலில் நலம் விசாரித்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நேத்து கூட ஏறலீங்க. நான் பாத்தேன்." மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. எந்தச் சீனையும் மனிதர் மேல் போட்டுப் பார்க்காமல் எழுத மாட்டார். "பேப்பர்ல எல்லாமே பயமாத்தாங்க இருக்கும். போட்டுப் பாக்கணும்," என்பார், மாவு பதத்தைப் பற்றிச் சொல்வது போல.

டீ மாஸ்டர் மேல் ஒன்றைப் போட்டார். தினமும் டீ குடித்து முடித்ததும், "அவரு வந்தாரா?" என்று கேட்பார். யார் என்று சொல்ல மாட்டார். முதலில் மாஸ்டர், "யாருங்க?" என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். மறுநாளும் அதே கேள்வி. சில நாளில் மாஸ்டர், "இன்னும் வரலீங்க," என்று பதில் சொல்லத் தொடங்கினார். அப்புறம் இவர் கேட்பதற்கு முன்னாலேயே ரோட்டைப் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் இவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதற்கும் மேல் சில நாள் போயிருக்கும். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் குனிந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, என்னிடம் கேட்டார்: "ஏங்க, அவரு வரவே மாட்டாருங்களா? எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்குதுங்க."

அவரிடம் போய்ச் சொன்னேன். "பாவம்ங்க அந்த மனுசன், வடையக் கருக்கிட்டு நிக்கறாரு."

"கத்தி எடுத்தா பயம் போயிருங்க," என்றார் டைரக்டர். "கத்தியப் பாத்தா எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும். எதப் பாத்து ஓடறதுன்னே தெரியக் கூடாது. அதான் நம்ம படம்."

சொல்லிவிட்டு, மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். போட்டுப் பார்த்ததை மறைக்க மாட்டார். கேட்டால் சொல்லிவிடுவார். இது முக்கியம், அப்புறம் வரும்.

படகுச் சீன் ஒன்றுக்கு இடம் பார்க்க இருவரும் ஒருமுறை ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏறிய கொஞ்ச நேரம் என் விரல் செருப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் போல் இருந்தது. கரையேறி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு அம்மாவின் கடையில் மீன் வறுவல் சாப்பிட்டோம். அந்த அம்மா கன்னடமும் தமிழும் கலந்து என்னை அண்ணா என்று கூப்பிட்டு, முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாததற்காகக் கேலி செய்தார். திரும்பும் பஸ்ஸில்தான் டைரக்டர் அதைக் கேட்டார்.

"ஒண்ணு ரொம்ப நாளா ஒறுத்துதுங்க. மண்டபத்துச் சமையக்கட்டுல சாரப்பாம்பு வந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

இல்லாமல் என்ன? நான் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி நின்று, வழி விடுங்க வழி விடுங்க என்று பாம்புக்கு அறிவிப்பு செய்துகொண்டிருந்தேன். அவர் பாம்பைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாம்புக்குப் பாதிதாங்க ஏறுச்சு. இன்னைக்குப் பரிசல்ல முக்கால். அந்த டீக்கடை சீனுக்கு மட்டும் முழுசா நின்னுச்சு. அதுல ஒண்ணுமே இல்லியேங்க. ஒரு கொட. ஏன்?"

இண்டூர் தாண்டும் வரை ஜன்னல் வழியாக ஊர்ப் போர்டுகளைப் படித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் சொன்னேன்.

என் அப்பா கடைசிக் காலத்தில் ஒவ்வொன்றாக மறந்தார். முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் நாங்கள். என் தங்கையின் கல்யாணத்தன்று, நான் மைக்கோடு நிற்கும்போது மேடைக்கு வந்து என் காதில் கேட்டார்: "யாரு வூட்டுக் கல்யாணம் தம்பி? சாப்பாடு போடுவாங்களா?" நான் அதையே மைக்கில் ஜோக்காக மாற்றிச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அப்பாவும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து, வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும்போதெல்லாம் எனக்குள் யாரோ, தம்பி என்று கூப்பிடுகிறார்கள். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி இருக்கிறது. எனக்கு உள்ள பயமெல்லாம் அந்த ஒன்றுதான்: ஒரு நாள் என் மனைவியைப் பார்த்து, நீங்க யாரு வூட்டுப் பொண்ணு என்று கேட்டுவிடுவேன்.

"அதுதாங்களா," என்றார். கண்ணாடி சுழன்றது.

ஆடி முடிந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் மண்டபத்தில் உட்கார்ந்தோம். ஒரு நாள் காலையில் டீக்கடைக்குப் போனேன்.

"நேத்து என்னாங்க அப்படி ஒரே நெனப்பா உக்காந்திருந்தீங்க?" என்றார் மாஸ்டர். "மழ வருமான்னு திரும்பத் திரும்பக் கேட்டீங்களே."

நேற்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தேன். விரல் நின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சாவி போடுகிறவர் ரோட்டில் கூப்பிட்டார். "மண்டபத்துச் சாவிக்கு இன்னொண்ணு போடச் சொல்லிட்டுப் போனீங்க. ரெடியாக் கெடக்குது, வந்து வாங்கலியே?"

நான் சொல்லவில்லை. சொன்னதாக ஞாபகம் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. முதல் வாக்கியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது இரண்டாவது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சும்மா கேட்பது போல, "நேத்து நான் எங்க இருந்தேன்?" என்றேன்.

"எங்க இருந்தீங்க? தேங்கா வாங்கியாங்கன்னேன். வெறுங்கையோட வந்து நின்னீங்க."

"மறந்து வாங்காம வந்தனா, வேணும்னே வாங்காம வந்தனா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாளா அத நானே கண்டுபுடிக்க முடியல," என்றாள்.

மூன்றாவதாக வந்ததுதான் என்னைச் சாய்த்தது. ஒரு கம்பெனிக்காரர்கள் ஒகேனக்கலுக்குச் சுற்றுலா போனபோது விளையாட்டுப் போட்டி நடத்த என்னை அழைத்திருந்தார்கள். மதியம் அதே அம்மாவின் கடைக்குப் போனேன். தட்டை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "போன வாரம் வந்து ஆத்தப் பாத்துட்டே உக்காந்திருந்தியேண்ணா. பேசுனா பேசல. பேரு கேட்டா முழிக்கற. ஒடம்பு சரியில்லியா?"

தர்மபுரியிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, உட்கார்ந்து, பேர் தெரியாமல் முழித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். மீனைத் தொடவில்லை. பிற்பகல் சாக்கு ஓட்டத்துக்கு விசில் ஊத மறந்து நின்றேன். சாக்குக்குள் நின்ற ஆட்கள், "சார், ஊதுங்க சார்," என்று கத்தினார்கள். மறந்தேன் என்பதை நினைத்து இன்னும் மறந்தேன்.

அடுத்த சில நாட்கள் எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். குளிக்கும்போது சொந்தக்காரர்கள் பேரை வரிசையாகச் சொல்வேன். சித்தப்பாவின் மூன்றாவது மருமகளிடம் இடிக்கும். அவள் பேர் எனக்கு எப்போதுமே தெரியாது என்பது அப்புறம்தான் உறைக்கும். பஸ்ஸில் போனால் ஊர்ப் பேர்களைக் கண்டக்டருக்கு முன்னாலேயே சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரர், "நீங்க புது டிக்கெட் செக்கர்ங்களா?" என்று கேட்டார். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் பேர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பின்னால் ப்ளெக்ஸில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. திரும்பிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று, "நம்ம சிங்கம்" என்று சொல்லியே முழு நிகழ்ச்சியையும் ஓட்டினேன்.

இவ்வளவுக்குப் பிறகுதான் அந்த எளிய விஷயம் மண்டையில் ஏறியது. டீக்கடை. நேற்று வந்தீர்களே. இது நம்ம முதல் சீன் அல்லவா?

மண்டபத்துக்கு ஓடினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"டைரக்டரே, என் மேல போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தங்க," என்றார் உடனே. முகமெல்லாம் மலர்ச்சி. "எங்க கேக்காமயே போயிருவீங்களோன்னு இருந்தேன். டீ மாஸ்டரும் சாவிக்காரரும் நாஞ் சொல்லித்தான் சொன்னாங்க. மாஸ்டரு ரொம்ப ஆசயா ஒத்துக்கிட்டாரு, அவரு மேல போட்டதுக்குப் பழைய பாக்கி இருக்குதில்ல. தப்பா நெனச்சுக்காதீங்க. மன்னிச்சுக்கங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "மீன்காரம்மாவையும் சேத்துச் சொல்லுங்க," என்றேன் சிரித்துக்கொண்டே.

"எந்த மீன்காரம்மா?"

"ஒகேனக்கல்லு. போன வாரம் நான் வந்து பேரு தெரியாம முழிச்சேன்னு சொன்னாங்களே."

அவர் யோசித்தார். கண்ணாடி சுழன்றது. "அது நான் இல்லீங்க. நாம சேந்து போனமே, அதோட சரி. அப்பறம் அந்தப் பக்கம் நான் போவவே இல்லியே."

போட்டுப் பார்த்ததை மறைக்க மாட்டார் என்றேன் அல்லவா. அவர் பொய் சொல்லவில்லை. அது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கட்டைவிரல் எப்படி நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரே குனிந்து பார்த்துவிட்டு, முதன்முறையாக, அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் நிமிர்ந்தார்.

"போயிக் கேட்டுட்டு வாங்க," என்றார் மெதுவாக.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். பென்னாகரத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. தெரியாமல் இருந்தால் பாதி பயம், தெரிந்தால் முழுசு. இறங்காததற்குக் காரணம் தைரியம் அல்ல. ஜன்னலோர சீட்டில் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் மடியில் பலாப்பழம் வைத்திருந்தார்.

அந்த அம்மா மசாலா தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"கண்டுபுடிச்சுட்டியாண்ணா? அந்த டைரக்டர் அண்ணன்தான் சொல்லச் சொல்லுச்சு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தேன். விரல் படுத்தது. உடம்பில் ஒவ்வொரு பாகமாகக் கரண்ட் திரும்பி வந்தது. "மீன் போடும்மா, பெரிய துண்டா," என்றேன். முள்ளோடு தின்றேன். அந்த வறுவல் மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. முதல் துண்டு முடியும்வரை உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"அந்த அண்ணன் நல்லா நடிக்குது," என்றார் அந்த அம்மா, இரண்டாவது துண்டைப் போட்டபடி. "மொத தடவ வந்து, நீ அடுத்து எப்ப வந்தாலும் இன்னின்ன மாதிரி சொல்லணும்னுச்சு. சரின்னேன். அடுத்த வாரம் வந்து, என்னயப் புதுசாப் பாக்கற மாதிரி, உம் பேரு என்னாம்மான்னு கேட்டுட்டு, திரும்ப மொதல்லேர்ந்து எல்லாத்தயும் சொல்லுச்சு. நானும் வெளையாட்டுக்குப் புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டேன். அப்பறமும் ஒருக்கா வந்துச்சு. தின்னுட்டு எழுந்து, தர்மபுரி பஸ்ஸு எங்கம்மா நிக்கும்னு கேக்குது. பஸ்ஸு எதுருக்கவே நிக்குதுண்ணா. நான் சிரிச்சேன். அது சிரிக்கல."

கையில் இருந்த மீனை வைத்துவிட்டேன்.

அடுப்பில் எண்ணெய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எதிரே பஸ் நின்றது, முன்னால் தர்மபுரி என்று பெரிய எழுத்தில். அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் எங்கே நிற்கும் என்று கேட்டிருக்கிறார். அதே மனிதர் என்னிடம், நான் இந்தப் பக்கம் வரவே இல்லை என்று அவ்வளவு உறுதியாக, அவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். டீக்கடையில் தினமும் ஒரே கேள்வி கேட்டாரே, அதில் எத்தனை நாள் கேள்வி சோதனை, எத்தனை நாள் கேள்வி நேற்றுக் கேட்டதையே மறந்து கேட்டது? அந்தத் திரைக்கதையை அவர் எங்கிருந்து எடுத்தார்? இதையெல்லாம் எனக்குள் கேட்டுக்கொண்டே திரும்பி வந்தேன். பஸ்ஸில் ஊர்ப் பேர் எதையும் நான் சொல்லிப் பார்க்கவில்லை.

மறுநாள் மண்டபத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டிருந்தார். மேலே ஃபேன் ஓடியது. அவர் மடியில் திரைக்கதைத் தாள்கள்.

"கேட்டீங்களா?" என்றார்.

என் அப்பாவிடம் நாங்கள் இப்படித்தான் ஒரு நாள் சொன்னோம். அப்பா, உங்களுக்கு மறதி வந்திருக்குது என்றோம். அன்று அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அவர் மற்ற எல்லாவற்றையும் மறந்தார். அந்த வாக்கியத்தை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும், பொம்மிடித் தங்கைக்குத் தெரிய வேண்டும், எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் இன்றைக்கு, இந்த நாற்காலியில், என் வாயால் வேண்டாம் என்று இருந்தது. நாளைக்குத் தங்கை வழியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"கேட்டங்க," என்றேன். மைக்கில் பேசும் குரலை எடுத்துக்கொண்டேன். "நீங்க சொன்னது சரிதாங்க. யாரும் சொல்லச் சொல்லல. நாந்தான் போயிருக்கேன். மறந்துட்டேன். எங்கப்பன் சொத்துல எனக்கு வந்த பங்கு அதானே. பரவாயில்லீங்க, இனிமே யாருகிட்ட கடன் வாங்கினாலும் திருப்பிக் குடுக்க வேண்டியதில்ல."

சிரித்தேன். நன்றாகத்தான் சிரித்தேன். முப்பது வருடத் தொழில்.

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்தார்.

நானும் பார்த்தேன். எழுந்திரு என்று அதற்கு உத்தரவு போட்டேன். கெஞ்சினேன். ஒரு மனிதனுக்கு உலகத்திலேயே எது பெரிய பயமோ அது வந்துவிட்டதாக இப்போதுதான் சொல்லியிருக்கிறான். அவன் கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து செருப்பில் சுகமாகப் படுத்துக் கிடந்தது.

"மீட்டர் ஏறலீங்க," என்றார்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. என்ன குறைகிறது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு பார்த்தேன். அவர் விரலில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. சுழலவில்லை.

"சரிங்க," என்றார். "நீங்கதான் மறந்துட்டீங்க. அப்படியே வெச்சுக்கலாம்."

மடியில் இருந்த தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். இத்தனை நாளில் அவர் அதை என் கையில் கொடுத்ததில்லை. எப்போதும் அவர்தான் படிப்பார்.

"நீங்க படிங்க. நான் கேக்கறேன்," என்றார். "மொதல்லருந்து. சத்தமா."

படித்தேன். ஒருவன் டீக்கடைக்குப் போகிறான். டீ மாஸ்டர் ஒரு குடையை எடுத்து நீட்டுகிறார். நேத்து மறந்துட்டுப் போயிட்டீங்களே. அவன் நின்று அந்தக் குடையைப் பார்க்கிறான். பந்திக் கூடத்திலிருந்து என் குரலே கொஞ்சம் கழித்து ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொன்னது. அவர் கண்ணை மூடி, பக்கத்துக் காலி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரோ எழுதிய கதையைக் கேட்பது போலக் கேட்டார்.

நான் வரலீங்களே, என்கிற இடத்தில் என் கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. எனக்காகவா, அவருக்காகவா என்று கேட்க, அவர் கீழே பார்க்கவில்லை.